இடக்கைப் புரி

காஞ்சிபுரம்
தை 21

தம்பி சபாபதிக்கு அக்கா செல்லியம்மாள் எழுதுவது. நான் நடமாட்டமாக இருக்கிறேன். வலது கண்ணில் மட்டும் புகை படர்ந்த மாதிரி இருக்கிறது. உன் உடம்பு, பொன்னி உடம்பு எப்படி என்று எழுது. நாக்பூரில் குளிர் விட்டதா?

கடுதாசியைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். என் பேத்தி திரிஷாவும், "போன் எடுத்துப் பேசினா முடிஞ்சிபோச்சி, இன்னாத்துக்கு ஆயா ஸ்டாம்பு?" என்றுதான் கேட்டாள். தொண்ணூற்றெட்டில், அம்மா காரியத்தன்று, உன் குரலை இனி என் காதால் கேட்க மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். இருபத்தாறு வருஷமாகக் கேட்கவில்லை. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இது. தென்னேரிக்கு மேற்கே நம் ஊர்ச் சின்ன ஏரிக்கு இரும்பில் புது மடை வைத்துவிட்டார்கள். ஆடி பதினெட்டு அன்று திறப்பு. பக்கத்திலேயே ஒரு கல் நட்டு, அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர்கள் பேரையெல்லாம் வெட்டப் போகிறார்களாம். பேர் கேட்டுக்கொண்டு, ஊரில் இப்போது பெரிய மனுஷனாகிவிட்ட பூவராகவனின் பேரன் விமல்ராஜ் என் வீடு தேடி வந்தான். "நீர்க்கட்டின்னா வயித்துல வருமே, அதுவா ஆயா?" என்று திரிஷா கேட்டாள். மடையைத் திறந்து மூடி வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஆளடி என்றேன். சொந்தமாக ஒரு சாண் நிலம் இருந்தாலும் அந்த வேலையைக் கொடுக்க மாட்டார்கள், தன் பக்கம் தண்ணீரைத் திருப்பிக்கொள்வான் என்று. நிலமில்லாத நம் ஜனத்துக்கு அது ஒன்றுதான் ஊரில் மரியாதை.

விமல்ராஜ் கையில் இருந்த தாளில் நம் பாட்டன் பேர் வரைக்கும் இருந்தது. நைனா பேர் இல்லை. ஏன் என்று கேட்டேன். நல்ல பையன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தாத்தா வேணான்னுட்டாரு ஆயா. ஏரிய வித்தவன் பேரு ஏரிக்கரையில எதுக்குன்னு கேக்குறாரு."

ஏரி வடிந்த அன்று மத்தியானத்துக்கு மேல் நைனா ஜுரத்தில் பாயை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று நீ ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்தவன் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. பதினோரு வயசில் பஞ்சாயத்தில் திறக்காத வாயை இப்போதாவது திற.

என் எழுத்து சாய்ந்துதான் இருக்கும். இந்த இடது கையை அடித்து அடித்துத்தான் வாத்தியார் என் படிப்பை அஞ்சாவதோடு முடித்தார். நைனா பள்ளிக்கூடத்துக்கே வந்து, "அவ கையி, அவ எப்டி வேணா வச்சிக்கட்டும்" என்று சொல்லி என்னைக் கூட்டிப்போனார். கொல்லனிடம் சொல்லி இடக்கைக்கென்று தனி அரிவாள் அடித்துக் கொடுத்தார். வாத்தியார் பேர் ஞாபகம் இருக்கிறது. செத்துப்போனார் என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா செல்லியம்மாள்


நாக்பூர்
26.2.2024

அன்புள்ள அக்காவுக்கு சபாபதி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். பொன்னிக்கு முழங்கால் வலி, அவ்வளவுதான். உன் கண்ணை உடனே டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பொன்னி காபி ஆறிப்போகிறது என்று இரண்டு தரம் சொன்னாள்.

நைனாவை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அவர் சாப்பாடு. கூரைக்குக் கீழே சோறு இறங்காது அவருக்கு. அம்மா கூழையும் கருவாட்டையும் ஏரிக்கரைக்கே எடுத்துக்கொண்டு வருவாள். நாம் நாலு பேரும் கரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். வாயில் கவளத்தை வைத்துக்கொண்டே தண்ணீரில் இறங்குகிற பறவைக்குப் பேர் சொல்லுவார். நீ அவர் வலப்பக்கம் உட்காருவாய், உன் இடக்கை அவர் மேல் இடிக்கும். திட்ட மாட்டார். தள்ளி உட்காருவார்.

கல்லில் பேர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன அக்கா. விட்டுவிடு. பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் தம்பி
சபாபதி


காஞ்சிபுரம்
மாசி 29

சபாபதிக்கு. நான் இருக்கிறேன். கண் அப்படியேதான் இருக்கிறது. பொன்னியின் காலுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்.

கேட்டது தாள். வந்தது கூழும் கருவாடும். என்ன நடந்தது என்று மறந்துவிட்டாயா? நான் சொல்கிறேன்.

அறுபத்தொன்பது, பங்குனி. மழை ஏமாற்றிய வருஷம். ஏரியில் முழங்கால் தண்ணீர், கதிர் பால் பிடிக்கிற பருவம். இருக்கிற தண்ணீரைக் கணக்காக விட்டால்தான் எல்லாருக்கும் நெல். நைனாவுக்கு மூன்று நாளாக ஜுரம். ஏகாம்பரநாதர் கல்யாணம் பார்க்க ஊரே காஞ்சிபுரம் போய்விட்டது. நடுவயல்களுக்கு முறை என்று நைனா காலையில் தள்ளாடிக்கொண்டு போய் மடையைத் திறந்துவிட்டு வந்து படுத்தார். பொழுது சாயும்போது மூட வேண்டும். மறுநாள் ஊர் திரும்பி வந்து பார்த்தால் ஏரி சேறாகக் கிடக்கிறது. தண்ணீர் அத்தனையும் கடைமடைக்கு ஓடி, நம் மாமன் யேசுதாஸ் வாரப் பங்குக்குப் பயிர் வைத்திருந்த வயலில் நிற்கிறது. சொந்த மச்சானுக்குத் தண்ணீரை விற்றுவிட்டான் என்றார்கள். முதலில் கத்தினது பூவராகவன். அப்போது அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை.

பஞ்சாயத்தில் நைனா, "நான்தான் மூடினேன். சரியா மூடல" என்றார். ஜுர வேகத்தில் தானே போய் மூடியதாக அவருக்கு நினைப்பு. பெரியவர் உன்னைக் கூப்பிட்டு, "உங்கப்பன் சாயங்காலம் எங்கடா இருந்தான்?" என்று கேட்டார். பாயில் இருந்தாருங்க என்று ஒரு சொல் நீ சொல்லியிருந்தால் போதும். நீ நைனா முகத்தைப் பார்த்தாய், அப்புறம் உன் காலைப் பார்த்தாய். நான் பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நீ போட்டிருந்த டிரவுசர் காக்கி, பின்னால் ஒட்டு. எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

மடையைத் திறந்து மூடுகிற மடைக்கோலைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதற்குப் பிறகு நீர்க்கட்டி என்று யாரையும் வைக்கவில்லை. மாசம் முடிவதற்குள் நாம் இங்கே ஒண்டுக்குடித்தனம் வந்தோம். ஏரி காத்த மனுஷன் சாயப்பட்டறையில் வெந்நீர்த் தொட்டி முன்னால் நின்று பட்டு நூலைத் தோய்த்தார். ஒன்பது வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

அம்மா காரியத்தில் இதைக் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "நான் பேசாம இருந்ததுதான்க்கா உனக்கு நல்லது." அதைச் சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாய்.

மடை மூடித்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். மூடின மடையை யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். நான் அன்று சாயங்காலம் மாமன் வீட்டில் உமி புடைத்துக்கொண்டிருந்தேன். தாளை எழுதி அனுப்பு.

செல்லியம்மாள்


நாக்பூர்
11.4.2024

அன்புள்ள அக்காவுக்கு சபாபதி வணக்கம். பதில் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை, எழுதத்தான் வரவில்லை. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். வேப்பெண்ணெய் தடவியதில் பொன்னிக்குக் கொஞ்சம் பரவாயில்லை, உனக்குச் சொல்லச் சொன்னாள்.

சாயப்பட்டறை நாட்களை எழுதியிருக்கிறாய். அங்கேயும் அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சந்து முனைக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிடுவார், ஞாபகம் இருக்கிறதா? போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம்மைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் திருமுக்கூடல் போவார். மூன்று ஆறு கூடுகிற மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து சாப்பிடுவார். அரக்குச் சாயம் ஏறின கையை ஆற்று மணலில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், போகாது. ஒரு தரம் சொன்னார்: "இந்தத் தண்ணிக்கு மொறையும் இல்ல, காவலும் இல்லடா. அது பாட்டுக்குப் போவுது." கோபமாகச் சொல்லவில்லை.

நீ அன்று சாயங்காலம் எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை அக்கா. மடை மூடித்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். யார் மூடினது என்று எழுதவில்லை. அதையும் நான் கேட்கவில்லை.

இதை இத்தோடு விட்டுவிடலாம். கண்ணைக் காட்டினாயா?

சபாபதி


காஞ்சிபுரம்
சித்திரை 10

சபாபதிக்கு. சுகம்.

நீ எழுத மாட்டாய் என்று தெரிந்துவிட்டது. நேற்று திரிஷாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நானே ஊருக்குப் போனேன். பூவராகவன் சாய்வு நாற்காலியில் இருந்தான். எழுந்திருக்கவில்லை, முட்டி வலியாம். "வாம்மா, முனிசாமி பொண்ணா?" என்றான். உட்காரச் சொல்லி விமல்ராஜ்தான் ஓடி வந்து நாற்காலி போட்டான்.

நேராகவே சொன்னேன். ஊரே திருவிழாவுக்குப் போன அன்று உங்கள் அண்ணன் கைலாசம் மட்டும் ஊரில் இருந்தார். முந்தின வாரம்தான் முறை மாற்றிக் கேட்டு நைனாவோடு கரையிலேயே சண்டை போட்டார். மடையைத் திறந்துவிட்டது அவர்தான். நான் பார்த்தேன்.

கைலாசம் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. "பாத்தியா?" என்று பூவராகவன் திருப்பிக் கேட்டான். பார்த்தேன் என்றேன். வாசல்வரை வந்த விமல்ராஜ், கல்லில் கடைசி வரி இன்னும் வெட்டவில்லை, தாத்தாவிடம் பேசுகிறேன் என்றான்.

நீ செய்யாததை நான் செய்துவிட்டேன்.

செல்லியம்மாள்


காஞ்சிபுரம்
வைகாசி 4

தம்பி சபாபதிக்கு அக்கா எழுதுவது. உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ, பொன்னி எல்லாம் நலமா? வெயில் அங்கே இன்னும் கொடுமை என்று டிவியில் சொன்னார்கள். மோர் குடி.

செவ்வாய்க்கிழமை நான் ராட்டினத்தில் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தறிக்கு இன்னும் நான்தான் சுற்றிக் கொடுக்கிறேன், ராட்டினத்தை இடக்கைக்கு மாற்றிப் போட்டு. வாசலில் ஒரு கிழவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். யாரென்று தெரியவில்லை. "செல்லி" என்றாள். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் கிடையாது. கைலாசம் பெண்சாதி பட்டம்மாள்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். நம் வீட்டுச் செம்பில் அவர்கள் வாய் வைக்காத காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவளுக்கும் இருந்திருக்கும். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு மடையத் தொறந்தத பாத்தேன்னியாமே?"

நான் ராட்டினத்தை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு அவரு ஏன் திருவிழாவுக்குப் போவலன்னு உனுக்குத் தெரியுமா? எனுக்கு இடுப்பு வலி. என் பெரிய பொண்ணு பொறந்த நாளு அது. உங்கம்மாதான் வந்து பிரசவம் பாத்துது. பொழுது சாஞ்சதுலேர்ந்து விடியற வரிக்கும் அந்த மனுசன் வாசப்படியவுட்டு எயிந்திருக்கல. உங்கம்மா இருந்திருந்தா சொல்லியிருக்கும்."

அம்மா அன்று வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். யார் வீட்டுக்குப் போனாள் என்பது மட்டும் எப்படியோ மறந்துவிட்டது. எனக்கு எதுவும் மறக்காது சபாபதி, இது மறந்துவிட்டது.

பட்டம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது பேச வந்திருக்கும். "எம்பொண்ணு பொறந்த நாளப் போயி எடுத்தியே" என்றாள். ஆட்டோ நின்றுகொண்டே இருந்தது. ஏறிப் போய்விட்டாள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உனக்கு எழுதினால் தேவலை என்று எழுதினேன்.

செல்லியம்மாள்


நாக்பூர்
30.5.2024

அன்புள்ள அக்காவுக்கு சபாபதி எழுதுவது. நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், இதைப் படித்த பிறகும்.

உன் சித்திரைக் கடிதத்துக்கு நான் பதில் போடாதது கோபத்தால்தான். செத்துப்போன மனுஷர் மேல் போடுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நைனாவுக்கு நடந்ததையே இன்னொருவருக்குச் செய்கிறாயே என்று இருந்தது. இனி நான் பேசாமல் இருந்தால் நைனா பேச்சைக் காப்பாற்றினவன் ஆக மாட்டேன். கைலாசத்துக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

மறுநாள் விடிந்ததும், ஊர் திரும்புவதற்கு முன்னால், நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு மடைக்கு வந்தார். உடம்பு கொதித்தது. தண்ணீர் போய்விட்டிருந்தது. மடைக்கோல் சரியாகத்தான் இறங்கி, தூணில் மாட்டியிருந்தது. மூடின மடை எப்படி ஒழுகியது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் கோலை மேலே தூக்கினார்.

கோல் முனையில் இருக்கிற கட்டைக்கு வைக்கோல் புரி சுற்றித்தானே மடையை அடைப்பார்? புரியை வலப்பக்கம் முறுக்கி, வலப்பக்கம் சுற்றி, கோலையும் வலப்பக்கம் திருகி மாட்டுவார். திருகத் திருக இறுகும். அந்தக் கட்டையில் இருந்த புரி இடப்பக்கம் முறுக்கி, இடப்பக்கம் சுற்றியிருந்தது. வலப்பக்கம் திருகியதும் தளர்ந்து பாதி அவிழ்ந்து தொங்கியது. அந்த வழியாகத்தான் ஏரி வடிந்துவிட்டது.

நம் ஊரில் இடக்கையால் புரி முறுக்குகிற ஆள் ஒருத்திதான்.

ஜுரத்தில் தூங்குகிறவரை எழுப்ப மனசு வராமல் நீ போய் மூடியிருக்கிறாய். அவருக்கு அது உடனே புரிந்தது, எனக்கும் புரிந்தது. அவர் கரையில் உட்கார்ந்து அந்தப் புரியை முழுக்க அவிழ்த்தார். அதே வைக்கோலை வலப்பக்கம் முறுக்கினார். கை நடுங்கியதால் இரண்டு தரம் விட்டுப்போனது. கட்டையில் லேசாகச் சுற்றி மறுபடியும் இறக்கினார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "இது நம்ம முறுக்குடா. நான் முறுக்குனது. கன்னிமாரு காக்குற மடை, பொம்பளக் கை பட்டுச்சின்னு தெரிஞ்சா அவள வாழ வுட மாட்டாங்க. யாரு கேட்டாலும் நீ வாயத் தொறக்கக் கூடாது. அவ கிட்டயும்."

பஞ்சாயத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்தது அதற்குத்தான். பாயில் இருந்தார் என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்போது மடையை மூடினது யார் என்பதுதானே? அடுத்த மாசம் உனக்குப் பரிசம் போட இருந்தார்கள்.

ஜுர வேகத்தில் தான் மூடியதாக நினைத்துக்கொண்டார் என்று நீ எழுதியிருந்தாய். இல்லை அக்கா. தெளிவாக இருந்தார்.

அம்மா காரியத்தில் நான் சொன்னதும் அதைத்தான். உன்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. தப்பான இடத்தில் தப்பாகச் சொன்னேன்.

சபாபதி


காஞ்சிபுரம்
ஆனி 14

சபாபதிக்கு. கடுதாசி கிடைத்தது. கண் ஆபரேஷன் ஆகவில்லை. மற்றது பின்னால்.

செல்லி


நாக்பூர்
15.7.2024

அன்புள்ள அக்காவுக்கு. உன் கார்டில் இரண்டு வரி இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. திரிஷாவுக்கு போன் போட்டேன். ஆயா சாப்பிடுகிறது, ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் நின்று சாப்பிடுகிறது, கேட்டால் திட்டுகிறது என்றாள். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சொல்லியிருக்கக் கூடாதோ என்று பொன்னியிடம் கேட்டேன். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து என்னைக் கேட்கிறீர்களா என்றாள்.

நான் கிளம்பி வரட்டுமா? நீ வேண்டாம் என்றால் வரவில்லை. ஒரு வரி எழுது.

சபாபதி


காஞ்சிபுரம்
ஆடி 24

தம்பி சபாபதிக்கு அக்கா செல்லியம்மாள் எழுதுவது. நான் நலம். இந்தத் தரம் உண்மையாகவே எழுதுகிறேன். கண் ஆபரேஷனுக்கு ஆவணியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். பொன்னியைக் கேட்டதாகச் சொல். நீ வர வேண்டாம், ரயிலில் அவ்வளவு தூரம் உன்னால் உட்கார முடியாது.

மடையை மூடினது நான் என்று நைனாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாது என்பதால்தான் இத்தனை வருஷம் சோறு தின்றேன். என் மேல் வர வேண்டிய கோபத்தையெல்லாம் பூவராகவன் மேல், வாத்தியார் மேல், என் மாமியார் மேல், முக்கியமாக உன் மேல் போட்டு வைத்தேன். உனக்குத் தெரிந்திருக்குமோ என்று அம்மா காரியத்தன்று பயம் வந்துவிட்டது. அதனால்தான் உன் குரலே வேண்டாம் என்றேன்.

ஆடி பதினெட்டுக்கு முந்தின நாளே ஊருக்குப் போனேன். முதலில் பட்டம்மாள் வீட்டுக்கு. நான் பொய் சொன்னேன், உன் வீட்டுக்காரர் மேல் தப்பு இல்லை, நாளைக்கு எல்லார் முன்னாலும் சொல்வேன் என்றேன். அவள் முறத்திலிருந்து நிமிரவில்லை. போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

மறுநாள் மடையண்டை பந்தல், மைக்கு, பொங்கல். புது மடை இரும்புப் பலகை, மேலே ஒரு சக்கரம். திருகினால் பலகை ஏறி இறங்குகிறது, புரிக்கு வேலை இல்லை. கல்லைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். துணியை எடுப்பதற்கு முன்னால் நான் போய், ஒரு பிடி வைக்கோல் வேண்டும் என்றேன். விமல்ராஜ்தான் மாட்டு வண்டியிலிருந்து உருவிக்கொண்டு வந்து கொடுத்தான். பூவராகவன் முன்னால் தரையில் உட்கார்ந்து முறுக்கினேன். இந்தக் கைக்கு மறக்கவில்லை. ஒரு முழம் முறுக்கி அவன் மடியில் வைத்தேன். "எந்தப் பக்கம் முறுக்கியிருக்குதுன்னு பாரு" என்றேன்.

அவன் விவசாயி, பார்த்ததுமே தெரிந்துகொண்டான். வலப்பக்கம் திருகிப் பார்த்தான். புரி அவன் கையிலேயே அவிழ்ந்தது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். மைக்கில் சொல்லவில்லை, இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. கைலாசம் இல்லை, நான் என்றும் சொன்னேன். கூட்டத்தில் பட்டம்மாளின் பெரிய மகளும் இருந்தாள், ஐம்பத்தைந்து வயசுப் பெண், ஜாடையிலேயே தெரிந்தது. வயசுப் பெண் மடையைத் தொட்டாளாமே என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். எழுபத்திரண்டு வயசுக்காரியை இனி என்ன செய்வார்கள்?

பூவராகவன் அவிழ்ந்த வைக்கோலைத் தரையில் போட்டான். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றான். அப்புறம் பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பி, "அப்ப மடைய கடசியா மூடினது இதுதான். இது பேரயும் சேத்து வெட்டிடு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். ஆனால் அவன் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். நேற்று விமல்ராஜ் திரிஷாவின் போனுக்குப் படம் அனுப்பினான். கடைசி வரியில் முனிசாமி என்று வெட்டியிருக்கிறது. கல்லில் இடம் போதாமல் மற்ற பேர்களை விடச் சின்னதாக இருக்கிறது.

நிம்மதியாக இருக்கிறதா என்று திரிஷா கேட்டாள். இல்லை. கல்லில் பேர் வந்துவிட்டது, சந்து முனையில் நின்று சாப்பிட்டது அப்படியேதான் இருக்கிறது. கரையிலேயே உட்கார்ந்து பொங்கலைச் சாப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு வாய் இறங்கியது.

உன் கடுதாசியை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல முடியாது. நைனா கை நடுங்கியதை எழுதியிருக்கிறாய், சொன்னதை எழுதியிருக்கிறாய். என் புரியை அவிழ்க்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாய், உன்னை எனக்குத் தெரியும்.

அதைக் கடுதாசியில் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு திரிஷா போன் போட்டுக் கொடுப்பாள். நீயே எடு, பொன்னி எடுக்க வேண்டாம். வாயால் சொல்.

உன் அக்கா
செல்லியம்மாள்